மூக்கடைப்பும் முன்னாள் ராணுவ வீரனும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

ராணுவத்தில் இருந்தவன் பேசுகிறான் என்றால் துப்பாக்கிச் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது மூக்கைப் பற்றி. சிரிக்கலாம், தப்பில்லை. என் குரலைக் கேட்டாலே விஷயம் புரிந்திருக்கும். இருபது வருஷமாக சைனஸ் என்னோடு குடித்தனம் நடத்துகிறது.

முதலில் ராஜஸ்தான் மணல் புழுதி. பிறகு லடாக். அங்கே குளிருக்கு 'புகாரி' என்று ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு ராத்திரி முழுக்க அந்தப் புகையோடுதான் படுத்திருப்போம். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

நம் முக எலும்புகளுக்குள் நான்கு ஜோடி காற்றறைகள் இருக்கின்றன. கன்னத்து அறைக்கு வாசல் மேல்பக்கம். தொட்டிக்கு ஓட்டையை மேலே வைத்த மாதிரி! சளியை மேலே தள்ளி வெளியேற்றுவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய முடிகள். புழுதியும் புகையும் அந்த வேலையைக் கெடுக்கும்; சவ்வு வீங்கினால் வாசலே அடைத்துவிடும். தொல்லை 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சைனஸ். நம்மூர் வைத்தியர்கள் பீனிசம் என்பார்கள்.

எண்டோஸ்கோப் வைத்து உள்ளே வளர்ந்த சதையை எடுத்தார்கள். இரண்டு வருஷம் சுகம். பிறகு திரும்ப வந்தது. இப்போதும் மாதத்தில் சில நாள் வாசனையே தெரியாது. பேத்தி மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்து "தாத்தா, வாசனை வருதா?" என்பாள். வருதும்மா என்று பொய் சொல்வேன். பூ பரவாயில்லை, கேஸ் கசிந்தாலும் தெரியாதே! அதனால் வீட்டில் யாரும் இல்லாதபோது நான் அடுப்பைத் தொடுவதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பட்டாளத்தில் சளிக்கு யாரும் லேசில் எம்.ஐ. ரூம் போக மாட்டார்கள். "மூக்கு ஒழுகுதுன்னு சிக் ரிப்போர்ட்டா?" என்ற கேலி ஒரு பக்கம். மெடிக்கல் கேட்டகிரி இறங்கினால் பதவி உயர்வு போய்விடுமே என்ற பயம் மறுபக்கம். என் யூனிட் நண்பர் ஒருவர் அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஓய்வு பெறும்போது அவர் பேப்பரில் ஒரு வரிகூட இல்லை. ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டார், மறுத்துவிட்டார்கள்.

2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், நல்ல உடம்போடு சேர்ந்தான் என்றே கொள்ள வேண்டும். நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது என்பது அந்தத் தீர்ப்பு. ஆனாலும் பாதிப்பு 20 சதவீதமாவது இருந்தாக வேண்டும். அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டாமா? அமெரிக்காவில் 2022-ல் பேக்ட் சட்டம் வந்தது. இராக், ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களில் குப்பை எரித்த புகைக்கு நடுவே பணிசெய்தவருக்கு நாள்பட்ட சைனஸ் வந்தால், அது பணியால் வந்ததென்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

மாணவச் செல்வங்களுக்கு நாலு வார்த்தை. மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போடாதீர்கள். அதுவே அடைப்பை உண்டாக்கும். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்லது, ஆனால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீராக இருக்கட்டும். 2011-ல் அமெரிக்காவில் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே விட்ட இரண்டு பேர் அமீபா கிருமியால் இறந்தார்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, தாங்க முடியாத தலைவலி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போய்விடுங்கள். சர்க்கரை நோயாளிகள் இன்னும் உஷார். 2021-ல் கொரோனாவுக்குப் பின்னால் வந்த கறுப்புப் பூஞ்சையை மறந்துவிடாதீர்கள்.

என்.சி.சி. உடுப்பு போட்டவர்களில் சிலர் நாளை ராணுவத்துக்குப் போவீர்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: வீரம் வேறு, நோயை மறைப்பது வேறு. உடம்புக்கு முடியவில்லை என்றால் எழுதி வாங்குங்கள், நகலைப் பத்திரமாக வையுங்கள்.

நண்பர்களே, நம்மில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், டாக்டர்கள் இருக்கிறீர்கள். உங்கள் தெருவிலும் ஒரு பழைய சிப்பாய் இருப்பார். ஒருநாள் அவருடைய பேப்பர்களை வாங்கிப் படித்துப் பாருங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்வரை கூடப் போய் வாருங்கள். அதுதான் நான் உங்களிடம் கேட்பது.