கண்ணுக்கும் வயதாகிறது

(நமது கிளையின் மூத்த உறுப்பினர்கள் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படித்துவிட்டு, 36 வருஷம் மத்திய சர்க்கார் ஃபைல்களைப் பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 74. கண்ணாடி போட்டுக்கொண்டால், டாக்டர் அறையில் இருக்கும் அட்டையில் 6/6 வரியைத் தடுமாறாமல் படிப்பேன். அந்தச் சீட்டை நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டதும் உண்டு.

அந்தப் பெருமை, போன வருஷம் ஒரு கல்யாண ரிசப்ஷன் முடிந்து காரில் திரும்பும்போது போயிற்று. எதிரே வந்த லாரியின் ஹெட்லைட் கண்ணில் பட்டதும் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்டது. "ஐயோ, சைக்கிள்!" என்று என் மனைவி கத்தினாள். பிரேக்கை மிதித்தேன். வண்டி அவருக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. பகலில் 6/6 படிக்கும் கண், ராத்திரியில் ஒரு மனிதரை எப்படித் தவறவிட்டது? டாக்டரிடம் கேட்டும் புத்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கண்ணில் ஒளியைக் குவிப்பவை இரண்டு. முன்புறம் கண்ணாடி போன்ற கார்னியா; உள்ளே லென்ஸ். வயதாக ஆக லென்ஸ் இறுகுகிறது. நாற்பதுக்கு மேல் பேப்பரைத் தள்ளிப் பிடிக்கிறோமே, அது இதனால்தான். நம் பாட்டிமார் இதைச் 'சாளேஸ்வரம்' என்பார்கள். ஹிந்தியில் 'சாலீஸ்' என்றால் நாற்பது. வடக்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வெளிச்சம். கண்ணின் பாப்பா சிறுத்துவிடுகிறது, லென்ஸ் மஞ்சளிக்கிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போன வெளிச்சத்தில், அறுபதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. நீல ஒளி இன்னும் குறைவு. கருநீல சாக்ஸையும் கறுப்பு சாக்ஸையும் ஜோடி சேர்த்துப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் வெட்கப்பட வேண்டாம்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. இளமையில் கார்னியாவின் ஒளிப்பிழையை லென்ஸ் எதிர்ப்பிழையால் சரிக்கட்டிவிடுகிறது, நல்ல தம்பதி மாதிரி. வயதானால் லென்ஸின் சுபாவம் மாறி, இருவர் பிழையும் ஒன்றாகக் கூடிவிடுகிறது. நல்ல வெளிச்சத்தில் பாப்பா சுருங்கி, ஓரத்துக் கதிர்களைத் தடுத்து, இதை மறைத்துவிடும். இருட்டில் பாப்பா விரியும்போது குட்டு வெளிப்படும்.

நான்காவது, ஒளிச்சிதறல். கார் கண்ணாடியில் படிந்த மெல்லிய தூசி பகலில் உறுத்தாது. எதிர் ஹெட்லைட் பட்டால் முழுக்க வெளுத்துவிடும். கலங்கத் தொடங்கிய லென்ஸும் அப்படித்தான். அது முற்றினால் கண்புரை. 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் பொருத்தினார். இன்று அந்த வைத்தியம் ஊருக்கு ஊர் கிடைக்கிறது.

ஆக, வெளிச்சமான அறையில் கறுப்பு எழுத்தைப் படித்து வாங்கிய 6/6, இருட்டுக்கும் செல்லும் சர்டிபிகேட் அல்ல.

செய்ய வேண்டியவை சுலபம். படிக்கும் விளக்கு கண்ணில் அடிக்காமல் புத்தகத்தின் மேல் விழட்டும். குளியலறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். படிகளின் விளிம்பில் வெளிர் நிறப் பட்டை ஒட்டுங்கள். மாத்திரைப் பட்டையை நல்ல வெளிச்சத்தில் படித்த பிறகே பிரியுங்கள். வருஷம் ஒருமுறை கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எல்லாக் குறையையும் வயதின் தலையில் போட்டுவிடக் கூடாது. இளைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: கல்யாணப் பத்திரிகையை மெரூன் தாளில் தங்க எழுத்தில் அச்சிடாதீர்கள். முகூர்த்த நேரமே எங்களுக்குத் தெரிவதில்லை.

கடைசியாக ஒன்று. அஸ்தமனத்துக்குப் பிறகு நான் இப்போது கார் ஓட்டுவதில்லை. சாவியை மருமகளிடம் கொடுத்தபோது கை கொஞ்சம் தயங்கியது, மறைப்பானேன். ஆனால் முகம் தெரியாத அந்தச் சைக்கிள்காரரை நினைத்துக்கொண்டேன், கொடுத்துவிட்டேன்.