கட்டாக்காலி நாய்களும் கடல் கடந்த தொண்டும்



திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே, வெண்மணற் கரையும் எதிரே புறாமலைத் தீவும் அழகு செய்ய அமைந்தது நிலாவெளி. சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாயிருக்கும். உல்லாசப் பிரயாணிகள் வந்து குவிவர். விடுதிகளின் மிச்சில் உணவு கரையோர நாய்களுக்குக் குறைவின்றிக் கிடைக்கும். வாடைக் காற்று எழுந்து மாரி இறங்கியதும் பிரயாணிகள் மறைவர்; நாய்கள் மறைவதில்லை. பசியோடு மீன்வாடிகளையும் சந்திகளையும் பாடசாலை வாசலையும் அவை நாடும். கரையிலே நாயைத் தடவிக் கொடுத்தவர் தம் நாடு திரும்பிவிடுகிறார். பாடசாலைக்கு நடந்து செல்லும் பிள்ளை அந்த நாயின் முன் தனியே நிற்கின்றது.

பிள்ளையின் அச்சம் காரணமற்றதன்று. 1973ஆம் ஆண்டில் இலங்கையிலே விசர் நோயினால் மாண்டோர் 377 பேர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 50க்கும் கீழே இறங்கியுள்ளது. ஆயினும் நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் தப்புவோர் மிக அரியர். கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்வதே காப்பு.

நாயைக் கொன்றால் நோய் ஒழியும் என்று நெடுங்காலம் எண்ணினர். ஆனால் ஒரு தெருவில் உணவும் இடமும் உள்ளவரை, கொல்லப்பட்ட நாயின் இடத்துக்கு அயல் நாய் வந்து சேரும். எஞ்சியவற்றின் குட்டிகள் அதிகமாகப் பிழைக்கும். தடுப்பூசி பெற்ற நாயும் பெறாத நாயும் ஒருங்கே மாள்வதால், ஊர் தன் காவலையே இழந்துவிடும். இதனை உணர்ந்து, 1964ஆம் ஆண்டில் சென்னை மாநகரிலே இந்தியப் புளூ கிராஸ் சங்கத்தார் வேறு வழி கண்டனர். நாயைப் பிடித்து, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து, தடுப்பூசி இட்டு, பிடித்த தெருவிலேயே விடுவதே அவ்வழி. அச்சங்கத்தைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணா இதற்கு 'ஏ.பி.சி.' எனப் பெயரிட்டார். அரிச்சுவடி போல எளிய காரியம் என்பது கருத்து. சென்னை மாநகராட்சி அதனை ஏற்றுக்கொள்ள 1996 வரை சென்றது. இலங்கையில் 2006ஆம் ஆண்டிலே தெருநாய்களைக் கொல்வது நிறுத்தப்பட்டது. 2007இல் கொழும்பு நகரிலே புளூ போ அறநிதியம் இவ்வழியில் பணி தொடங்கியது.

இத்தகைய முகாம்களுக்குப் பிறநாடுகளிலிருந்து தொண்டர்கள் தம் செலவிலே வருவதுண்டு. 2003ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றிய உலக மிருக வைத்திய சேவை போன்ற நிறுவனங்கள் அவர்களை அனுப்புகின்றன. நீலகிரியின் உதகமண்டலத்தில் அந்நிறுவனம் மிருக வைத்தியர்களுக்கு இச்சிகிச்சையைப் பயிற்றுவித்தும் வருகின்றது.

கத்தியை ஏந்துவோர் வைத்தியர் மட்டுமே. ஏனைய தொண்டரின் பணி மிக எளியது, எளியதாயினும் இன்றியமையாதது. நாயைத் தொடுமுன் தாமே விசர் நோய்த் தடுப்பூசி பெற்றிருத்தல் வேண்டும். கூடுகளைக் கழுவுதல், நாயை நிறுத்தல், வயிற்று மயிரை மழித்தல், கருவிகளைத் துப்புரவாக்குதல் என்பன அவர்கள் கடன். மயக்க மருந்தினால் உடற்சூடு தணியும். ஆதலால் வெப்ப நாட்டிலும் நாயைத் துணியாற் போர்த்தி, மூச்சைக் கவனித்து, தலை நிமிரும்வரை அருகிருத்தல் வேண்டும். சிகிச்சை பெற்றமைக்கு அடையாளமாகக் காது நுனியிலே சிறு வெட்டு இடப்படும்.

எனினும் விருந்தினரின் தொண்டு இரண்டு கிழமையிலே முடிந்துவிடும். பெண் நாயோ ஆறேழு மாதத்தில் பருவமடைந்து, 63 நாள் அளவிற் குட்டி ஈனும். ஊர் நாய்களுள் நூற்றுக்கு 70க்குத் தடுப்பூசி இட்டாலே நோய்ச் சங்கிலி அறும். அதுவும் புதிய குட்டிகள் பிறக்கப் பிறக்கக் குறைந்துகொண்டே போகும். ஆகவே நாய்களைக் கணக்கெடுத்து, முகாமுக்குக் கொணர்ந்து, தையல் ஆறும்வரை பேணி, அடுத்த ஆண்டும் அதனையே செய்வோர் ஊரவராக இருத்தல் வேண்டும். எந்த நாய் எந்த வாடியிற் படுக்கும், எது கடிக்கும், எது கருவுற்றது என்பதைக் கடல் கடந்து வந்தவர் எவ்வாறு அறிவர்? அதனை அறிந்தவர் வலை பொத்தும் மீனவரும், விடுதிச் சமையற்காரரும், வீதியில் விளையாடும் சிறுவருமே.

உயிரின் பெருக்கத்தைத் தடுப்பது பாவமன்றோ எனச் சிலர் வினவுவர். உழவு மாட்டுக்கு நலமடிக்கும் வழக்கம் நம் வயல்வெளிகளுக்குப் புதிதன்று. அதுவும் மயக்க மருந்தின்றியே நெடுங்காலம் நடந்தது. பெண் குட்டி என்ற ஒரே காரணத்தால், கண் திறவா முன்னரே சாக்கிற் கட்டிச் சந்தையோரம் எறிவதும் எங்கும் காணும் காட்சியே. வைரவர்க்கு நாயை வாகனமாக்கி வணங்கும் மக்களுக்கு, இவ்விரண்டில் எது பாவம் என எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

அந்நியர் ஒருவர் விமானமேறி வந்து ஊர் நாயின் அருகே இரவு விழித்திருக்கின்றார். அந்த நாயைக் கூட்டிக் கொண்டுவந்து கொடுப்பதும், மறுநாள் ஏற்றுச் சென்று பேணுவதும் ஊரவர் கடன். அக்கடனைச் செய்யும் ஊரிலே, மாரி காலத்திலும் பிள்ளைகள் அச்சமின்றிப் பாடசாலைக்குச் செல்வர்.