பொற்கொல்லன் சூழ்ச்சியும் கேட்கப்படாத கேள்வியும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், ஜெயமங்கலத்தில், அரசு பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நம் சங்கம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவுற்ற இந்நன்னாளில், கல்வியின் பயன் குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். படித்தால் வேலை கிடைக்கும், ஊதியம் கிடைக்கும், நாலு பேர் மதிப்பார்கள் என்பதை நான் வந்து சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. ஆகவே வேறொரு வழியாக அப்பொருளுக்கு வர எண்ணுகிறேன். ஒரு கொடியவனைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அவன் சிலப்பதிகாரத்தில் வரும் பொற்கொல்லன்.

சிலம்பின் கதை நமக்கு அயலூர்க் கதை அன்று. மதுரையை எரித்த கண்ணகி வையையின் ஒரு கரையைப் பற்றிக்கொண்டு மேற்கே நடந்து மலை ஏறினாள் என்று இளங்கோவடிகள் பாடுகிறார். அந்த வையையைத்தான் 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை நமக்கு அருகில் தேக்கி வைத்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூரை அடுத்த மலைமீது நிற்கும் மங்கலதேவி கோட்டத்திற்குச் சித்திரைப் பௌர்ணமியன்று நம்மில் பலர் சென்று வந்திருக்கிறோம். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோயில் அதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. எனவே நம் மலையில் முடிந்த ஒரு துயரம் எங்கே, எவ்வாறு தொடங்கியது என்று ஆராய்வது நமக்குரிய கடமையே.

கோவலன் ஒற்றைச் சிலம்பை விற்க மதுரைக் கடைவீதிக்கு வருகிறான். எதிரே அரண்மனைப் பொற்கொல்லன் சட்டை அணிந்து, நூறு கம்மியர் பின்தொடர வருகிறான். அவன் பெரிய மனிதன். அரசனுக்கு அணி செய்பவன். அதே வேளையில், பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடி வைத்திருப்பவனும் அவனே. கோவலன் காட்டிய சிலம்பைக் கண்டதும் அவன் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுகிறது: தன் களவு வெளிப்படும் முன் இந்த அயலூரான் மீது அதனைச் சுமத்திவிடலாம்.

இங்கே அவனுடைய நோக்கத்தைக் கவனியுங்கள். அவனுக்குக் கோவலன்மீது பகை உண்டா? இல்லை. பொறாமை உண்டா? அதுவும் இல்லை. கோவலனை அவன் அதற்கு முன் கண்டதே இல்லை. தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற அச்சம் ஒன்றே அவனை இயக்குகிறது. அந்த அச்சத்திற்குப் பலியாகக் கோவலனை ஏன் தேர்ந்தான்? அவன் ஊருக்குப் புதியவன். அவனுக்காகப் பேச ஆள் இல்லை. நண்பர்களே, கொடியவன் தன் இரையை வெறுப்பினால் தேர்வதில்லை. கேட்பாரற்றவன் எவனோ அவனையே தேர்கிறான்.

கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தைப் பயின்றபோது இயாகோ என்னும் கொடியவனைக் கண்டு வியந்தேன். தனக்குக் கிடைக்க வேண்டிய பதவி காசியோவுக்குப் போயிற்று என்கிறான். தன் மனைவிமீது ஐயம் என்கிறான். நாளுக்கொரு காரணம் சொல்கிறான். அவனுக்கு உண்மையில் காரணமே இல்லை, தீமைக்காகவே தீமை செய்தான் என்று கோல்ரிட்ஜ் போன்ற திறனாய்வாளர்கள் கருதினர். எவ்வாறாயினும், அவன் கண்ட இரையும் ஓர் அயலான். வெனிஸ் நகரத்தின் படைத்தலைவனாக உயர்ந்தும், நிறத்தால் வேறானவன் என்று எண்ணப்பட்ட ஒதெல்லோ அவன். அங்கே ஒரு கைக்குட்டை, இங்கே ஒரு சிலம்பு. இரு நாட்டுக் கவிஞரும் ஒரு சிறு பொருளை வைத்தே ஒரு பெருங்குடும்பம் அழிந்த கதையைச் சொன்னார்கள்.

இனி, பொற்கொல்லனின் சூழ்ச்சி நடந்த முறையைப் பார்ப்போம். அவன் தன் கையால் யாரையும் கொல்லவில்லை. மூவரைப் பயன்படுத்திக்கொண்டான்.

முதலாமவன் அரசன். ஆடல் மகளிரிடம் மன்னன் மனம் சென்றது என்று அரசி ஊடல் கொண்டு, தலைவலி என்று சொல்லி எழுந்து சென்றுவிட்டாள். அவளைத் தேற்றும் அவசரத்தில் அமைச்சரை விட்டுப் பிரிந்து வந்துகொண்டிருக்கிறான் பாண்டியன். அந்த நேரத்தை அறிந்து காலில் விழுகிறான் பொற்கொல்லன். அமைச்சர் அருகில் இல்லை. மன்னன் மனமோ வேறிடத்தில் இருக்கிறது. அரசியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமானால் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவருமாறு ஆணை பிறக்கிறது. அந்த ஆணையில் 'இருக்குமானால்' என்ற ஒரு சொல் இருந்தது. அதனை மெய்யா என்று பார்க்கும் பொறுப்பு யாருடையது? அதை மன்னன் சொல்லவில்லை. குற்றம் சாட்டியவனே காவலரை அழைத்துச் சென்றான்.

இரண்டாமவர் காவலர். அவர்களில் ஒருவன் கோவலனைப் பார்த்து, இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்று ஐயுறுகிறான். அக்கதையில் நல்லது நடக்கவிருந்த ஒரே நொடி அது. பொற்கொல்லன் நகைக்கிறான். களவு நூலைக் காட்டிப் பேசுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு வகைத் துணை கள்வர்க்கு உண்டு என்று அடுக்குகிறான். பகலில் தூதனாகவும் இரவில் பெண்ணாகவும் வேடமிட்டு அரண்மனை புகுந்து திருடிய ஒருவனின் கதையையும் சொல்கிறான். அந்நூலும் கதையும் கோவலனுக்குச் சிறிதும் தொடர்புடையவை அல்ல. ஆயினும் கேட்டவர் மயங்கினர். இளங்காவலன் ஒருவன் தானும் ஒரு கள்வனிடம் ஏமாந்த கதையைச் சொல்லி, இவனைத் தப்பவிட்டால் அரசன் நம்மைத் தண்டிப்பான் என்று அஞ்சுகிறான். ஐயம் இருந்த இடத்தில் அச்சம் வந்து அமர்ந்தது.

மூன்றாமவன், கல்வியறிவற்ற குடிகாரன் ஒருவன். பேச்சு முடியும் முன்னரே அவன் வாளை வீசினான். கோவலன் வெட்டுண்டு வீழ்ந்தான்.

இளைஞர்களே, இந்த மூன்றாமவனை நன்றாகப் பாருங்கள். ஆணையிட்டவன் அறிவுடைய மன்னன். நூல் பேசியவன் மதிப்புடைய கலைஞன். கற்றோர் கூடிச் செய்த சூழ்ச்சிக்குக் கை கொடுத்தவனோ கல்லாதவன். அவனுக்குச் சிலம்பினால் ஒரு காசும் வரவில்லை. பழி மட்டும் வந்தது. இன்றும் ஊரில் ஒரு பூசல் எழுந்தால் முதலில் கல்லெடுப்பவன் யார், வழக்கில் பெயர் ஏறுபவன் யார், பின்னால் நின்று சாராயம் வாங்கிக் கொடுத்தவன் யார் என்று எண்ணிப் பாருங்கள். 1989இல் போடி வட்டாரத்தில் மூண்ட சாதிக் கலவரத்தைக் கண்டவர்கள் இந்த அவையிலும் இருக்கக் கூடும். பிறர் மூட்டிய தீக்கு விறகாகாதிருக்கும் தெளிவு கல்வியின் முதற்பயன்.

இந்தக் கொலையைத் தடுக்க என்ன தேவைப்பட்டது? படை தேவையில்லை, பொருள் தேவையில்லை. சிலம்பின் உள்ளே இருப்பது என்ன பரல் என்ற ஒரு கேள்வி போதும். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். கடைவீதியில் கேட்டிருந்தால் அரை நாழிகையில் முடிந்திருக்கும். அந்தக் கேள்வியை அரசன் கேட்கவில்லை, காவலர் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. கணவனை இழந்த ஒரு பெண் அரசவைக்குள் வந்து சிலம்பை உடைத்துக் காட்டிய பின்னரே உண்மை தெரிந்தது. பாண்டியனை ஒரு வகையில் நான் வணங்குகிறேன். உண்மை வெளிப்பட்டதும் அவன் சாக்குச் சொல்லவில்லை. தானே கள்வன் என்று தன்னைத் தீர்ப்பிட்டு உயிர் துறந்தான். ஆனால் அந்த நேர்மை கோவலனை எழுப்பவில்லை.

நிற்க. இக்கதையில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. பின்னர்ப் பாண்டிநாட்டில் மழை பொய்த்து, நோய் பரவியபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று காப்பியத்தின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஆயிரவர் உயிர்! அந்த ஆயிரவரில் எவனாவது சிலம்பைத் தொட்டவன் உண்டா? அந்த ஒருவனைத் தனியே நிறுத்தி விசாரித்ததாகவும் காப்பியத்தில் காணோம். கோவலனைக் கொன்றதும் கேள்வியின்மை. பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்றதும் அதே கேள்வியின்மை.

இது பழங்கதை என்று விட்டுவிட வேண்டா. 1871இல் வெள்ளையர் ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. நம் மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர் சமூகத்தார் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்று பதியப்பட்டு, கைரேகை வைக்கப் பணிக்கப்பட்டனர். அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். 1947இல் சென்னை மாகாணத்திலும் 1952இல் நாடெங்கிலும் அச்சட்டம் நீங்கியது. அவர்கள் வேறு சமூகத்தார். நாம் வேறு சமூகத்தார். ஆயினும் பிறப்பைப் பார்த்துக் குற்றத்தை எழுதும் எழுதுகோல் ஒன்றே. அதன் கூர்மையை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

இவ்வளவு பேசும் நான் குற்றமற்றவன் அல்லேன் என்பதையும் இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியில் நான் உதவியாசிரியராக இருந்தபோது, மாணவரிடம் தண்டிய சுற்றுலாப் பணம் என் மேசையிலிருந்து காணாமற் போயிற்று. "கடைசியாக வகுப்பில் நின்றவன் அந்த விடுதிப் பையன்தான்" என்று ஒருவர் என் காதில் சொன்னார். அவன் நம் பிள்ளை. ஆதிதிராவிடர் விடுதியில் தங்கிப் படித்தவன். எனக்கும் அவசரம், மறுநாள் கணக்குக் காட்ட வேண்டும். எல்லார் முன்னிலையிலும் அவன் பையைக் கொட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை. மாலையில் வருகைப் பதிவேட்டின் இடையே அந்தப் பணம் இருந்தது. நானே வைத்து மறந்திருந்தேன்.

மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. வாரக்கடைசியில் அவன் ஊருக்கே போனேன். திண்ணையில் அமர்ந்திருந்தவன் எழுந்து நின்று, "சார், என் பையை மட்டும்தானே பார்க்கச் சொன்னீங்க. மத்தவங்க பையைப் பார்க்கச் சொல்லலையே" என்றான். அதற்கு என்னிடம் விடை இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் அவன் திரும்பி வந்தான். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. காதில் சொன்னவரை நான் குறை கூற மாட்டேன். அன்று பாண்டியனாக இருந்தவன் நான். நம்மவன் ஒருவன் நாற்காலியில் அமர்ந்தால் மட்டும் நீதி வந்துவிடாது. நாற்காலியில் அமர்ந்தவன் கேள்வி கேட்க வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்த ஆசிரியன் அந்த மாணவன்.

அரசனும் காவலனும் கேட்க மறந்த கேள்வியைச் சட்டமே கேட்க வேண்டும் என்று எண்ணியவர் அண்ணல் அம்பேத்கர். இன்று நம் அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவாக விளங்கும் விதியை 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தவர் அவரே. பொதுவாக, கைது செய்யப்படுபவனுக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். அவன் தன் விருப்பப்படி வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட வேண்டும். மதுரைக் கடைவீதியில் இந்த விதி இருந்திருந்தால் கோவலன் இறந்திரான். ஆனால் விதி ஏட்டில் இருந்தால் போதாது. அதனைப் படித்து, "காரணம் என்ன ஐயா?" என்று காவல் நிலைய வாசலில் நின்று பணிவோடும் அஞ்சாமலும் கேட்கும் இளைஞன் ஒருவனாவது நம் தெருவில் இருக்க வேண்டும். நம் சங்கம் 25 ஆண்டுகள் உழைத்தது அந்த ஒருவனை உருவாக்கத்தான் என்று நான் கருதுகிறேன்.

இறுதியாக ஒன்று. மலை ஏறி வந்த கண்ணகியை, ஊர் எரித்தவள் என்று எவரும் அஞ்சி ஓடவில்லை. வேங்கை மரத்தடியில் நின்ற அவளை, யார் நீ அம்மா என்று அன்போடு கேட்டவர்கள் மலைவாழ் குறவர்கள். அவள் சொன்னதைக் கேட்டார்கள். கண்ணால் கண்டதை நம்பினார்கள். அவளைத் தெய்வமென முதலில் கொண்டாடியவர்களும் அவர்களே. ஏடு கற்ற நகரம் கேட்காத கேள்வியை ஏடறியாத மலைமக்கள் கேட்டார்கள். அந்த உள்ளம் நம் முன்னோருக்கும் இருந்தது. அதனோடு ஏட்டறிவும் சேர்ந்துவிட்டால் எந்தப் பொற்கொல்லனின் பொய்யும் நம்மிடம் விலை போகாது.

ஆகவே மாணவச் செல்வங்களே, யாரேனும் ஒருவனைக் கள்வன் என்று உங்களிடம் சொன்னால், அவன் எந்தத் தெருவினனாக இருந்தாலும், முதலில் சிலம்பைத் திறந்து பரலைப் பாருங்கள். உங்களையே யாரேனும் அவ்வாறு சொன்னால், பரலைப் பார்க்கச் சொல்லுங்கள். இவ்விரண்டையும் செய்யத் துணிந்தவனே கற்றவன்.

வெள்ளி விழாக் கண்ட சங்கம் பொன்விழாவும் காண வாழ்த்துகிறேன்.