கேமராவின் சாவி யாரிடம்?



போலீசார் சட்டையில் கேமரா மாட்டிவிட்டால் அக்கிரமம் ஒழிந்துவிடும் என்கிறார்கள். கேமரா வேண்டாமென்று நாம் சொல்ல வரவில்லை. அதன் சாவி யாரிடம் என்றுதான் கேட்கிறோம்.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் 2020 மே 25-ல் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பரை ஒரு போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை அழுத்திக் கொன்றார். போலீசார் கேமரா மாட்டித்தான் இருந்தார்கள். ஆனாலும் போலீஸ் இலாகாவின் முதல் அறிக்கை அவருக்கு உடல்நலக் குறைவு என்றே கூறிற்று. உண்மையை வெளியிட்டது வழியில் நின்ற 17 வயதுப் பெண்ணின் செல்போன்!

மறு மாதமே நம் நாட்டுச் சாத்தான்குளத்தில், போலீஸ் நிலையத்தில் அடிபட்ட தகப்பனும் மகனும் மாண்டார்கள். அங்கும் கேமரா இருந்தது. பதிவு தினந்தோறும் தானே அழியும்படி வைத்திருந்ததாக விசாரித்த மாஜிஸ்திரேட்டே எழுதினார்.

அவ்வாண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, நிலையங்கள்தோறும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம் காக்கவேண்டும் என்றது. மேற்பார்வைக்குக் கமிட்டி உண்டு. அன்றாடப் பொறுப்போ நிலைய அதிகாரிக்கே! பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதா?

பதிவு போலீசார் கையில் இருக்கக்கூடாது. பாதிக்கப்பட்டவன் கேட்டால் கிடைக்கவேண்டும். அழிந்தால் அதிகாரி பதில் சொல்லவேண்டும். இவை இல்லாவிட்டால் கேமரா மாட்டுவதும் ஒரு சடங்கேயாகும்.