பசவனகுடி நேஷனல் ஹைஸ்கூலும் நமது கல்வி நிதியும்

(நமது சங்கத்தின் கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று கல்வி உதவித்தொகை வழங்கும் நாள். ஆகவே ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்லலாம் என்று எண்ணினேன். நம் விவேக் நகரிலிருந்து அதிக தூரமில்லை. பசவனகுடி நேஷனல் ஹைஸ்கூல் தான் அது. மெட்ரோ பச்சை வழித்தடத்தில் 'நேஷனல் காலேஜ்' என்று ஒரு நிலையம் இருக்கிறதல்லவா, அந்தக் கல்லூரிக்கு மூத்த சகோதரி இந்த ஹைஸ்கூல்.

பசவனகுடி இன்று நகரத்தின் நடுவில் இருப்பதுபோல் தோன்றுகிறது. அன்று அது புறநகர். 1898-ல் பெங்களூரில் பிளேக் புகுந்தது. பழைய பேட்டையின் குறுகிய சந்துகளில் நோய் வேகமாகப் பரவி ஏராளமான பேர் மாண்டார்கள். காற்றோட்டமும் சாக்கடை வசதியும் உள்ள இடத்தில் ஜனங்களைக் குடியமர்த்த வேண்டும் என்று மைசூர் அரசாங்கம் வடக்கே மல்லேஸ்வரத்தையும் தெற்கே பசவனகுடியையும் எக்ஸ்டென்ஷன்களாக வகுத்தது. படித்து உத்தியோகம் பார்த்த குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்களில் பிராமணர்கள் கணிசம். வீடு வந்தால் கோயில் வரும், கடைத்தெரு வரும், அடுத்தபடியாகப் பள்ளிக்கூடம் வேண்டும்.

அது வந்த வருஷம் 1917. அந்த வருஷத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஹோம் ரூல் இயக்கம் நடத்திய அன்னி பெசன்ட் அம்மையாரை ஜூன் மாதம் ஆங்கில அரசு உதகையில் காவலில் வைத்தது. நாடெங்கும் கிளம்பிய எதிர்ப்பைக் கண்டு செப்டம்பரில் விடுவித்தது. டிசம்பரில் அவர் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். நம் தேசத்துப் பிள்ளைகளுக்கு நம் தேசத்தை மதிக்கிற கல்வி வேண்டும் என்பது அவரது கொள்கை. அந்தத் தேசியக் கல்வி இயக்கத்தில் முளைத்ததுதான் நேஷனல் ஹைஸ்கூல். பெயரிலுள்ள 'நேஷனல்' என்ற சொல்லுக்கு அன்று அவ்வளவு கனம் இருந்தது. அத்தகைய பள்ளிகள் பல, இயக்கத்தின் வேகம் தணிந்ததும் மறைந்துவிட்டன. இது நிலைத்தது. உள்ளூர்ப் பெரியவர்கள் நேஷனல் எஜுகேஷன் சொசைட்டியாகச் சேர்ந்து பொறுப்பேற்று நடத்தியதே அதற்குக் காரணம்.

இனி அப்பள்ளியின் ஒரு மாணவரைப் பற்றிச் சொல்கிறேன். கௌரிபிதனூர் தாலுகாவில் ஹோசூர் என்று ஒரு கிராமம். (நம் தமிழ்நாட்டு ஓசூர் வேறு.) அங்கே 1920-ல் மிக ஏழ்மையான, பின்தங்கிய குடும்பத்தில் ஒரு பையன் பிறந்தான். ஊரில் மேலே படிக்க வழியில்லை. 1935-ல் பெங்களூருக்கு வரப் புறப்பட்டான். கையில் பஸ் சார்ஜுக்குக் காசில்லை. சுமார் 85 கிலோமீட்டர் தூரத்தை இரண்டு நாள் நடந்தே வந்து நேஷனல் ஹைஸ்கூலில் சேர்ந்தான். அடுத்த வருஷம் காந்திஜி அங்கே வந்தபோது அவரது ஹிந்திப் பேச்சைக் கன்னடத்தில் மொழிபெயர்த்துச் சொன்னவன் அந்தப் பையன்தான்.

அவர்தான் டாக்டர் எச். நரசிம்மையா. பெங்களூர்க்காரர்களுக்கு 'எச்.என்.' என்றால் போதும். 1942-ல் ஆகஸ்ட் இயக்கத்தில் சேர்ந்து, படிப்பை நிறுத்திவிட்டுச் சிறை சென்றார். திரும்பி வந்து பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, 1946-ல் நேஷனல் காலேஜில் லெக்சரராகச் சேர்ந்தார். அந்தக் கல்லூரியையும் இதே சொசைட்டிதான் முந்தைய வருஷம் தொடங்கியிருந்தது. பிறகு அமெரிக்காவில் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அணுக்கருப் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே தங்கிவிடாமல் அதே கல்லூரிக்கு வந்து பிரின்சிபால் ஆனார். எழுபதுகளில் பெங்களூர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1984-ல் பத்மபூஷண் பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் வேட்டி, கதர்ச் சட்டை, காந்தி குல்லாய். வாசம் கல்லூரி ஹாஸ்டலில் ஓர் அறை. 2005 ஜனவரி 31-ல் காலமானார்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். எச்.என். செய்த காரியங்களில் 1962-ல் தொடங்கிய பெங்களூர் சயின்ஸ் ஃபோரத்துக்கே நான் முதலிடம் கொடுப்பேன். பெரிய விஞ்ஞானிகள் வந்து, சாமானியனுக்குப் புரியும்படி இலவசமாகப் பேசினார்கள். 1976-ல் அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் ஆராய எச்.என். பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அமைத்தார். அதில் அவரோடு மாறுபட்டவர்கள் பலர். நம் சபையிலும் இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்பது தவறு என்று நம் சாஸ்திரமும் சொல்லவில்லை. கேள்வியும் பதிலுமாகவே அமைந்த உபநிஷத்துகள் நம்மிடம் உண்டு.

இந்தச் சரித்திரத்தை இன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பள்ளியில் படித்துப் பேர் வாங்கியவர்கள் பலர். நம் அனில் கும்ப்ளேயும் அங்கே படித்தவர்தான். ஆனால் அந்தப் பள்ளிக்கும் சொசைட்டிக்கும் தன் வாழ்நாள் முழுவதையும் திருப்பிக் கொடுத்தவர் பசவனகுடியின் பெரிய வீடுகளில் பிறந்தவர் அல்லர். கால்நடையாக வந்த கிராமத்துப் பையன். எக்ஸ்டென்ஷன்வாசிகள் "இது எங்கள் குழந்தைகளுக்காக" என்று கதவைச் சாத்தியிருந்தால் நஷ்டம் அந்தப் பையனுக்கு மட்டுமல்ல, பள்ளிக்கும், பெங்களூருக்கும், விஞ்ஞானத்துக்கும்தான். எந்தப் பையன் எச்.என். ஆவான் என்று அட்மிஷன் சமயத்தில் யாருக்குத் தெரியும்?

நம் சங்கத்தின் கல்வி நிதி நம் சமூகத்துக் குழந்தைகளுக்காக ஏற்பட்டது. அது தவறென்று நான் சொல்லவில்லை. நம்மிலும் சமையல் வேலை, புரோகிதம் என்று சொற்ப வருமானத்தில் குழந்தைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குக் கொடுப்பதில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. அதற்கு மேலாக ஒரு சிறு பங்கைத் தனியே திரட்டி, ஆஸ்டின் டவுன், நீலசந்திரா பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளில் படிக்கும் ஏழைக் குழந்தைகளுக்கு, ஜாதி பாராமல், எஸ்.எஸ்.எல்.சி. முடியும்வரை கொடுக்கலாம் என்பது என் யோசனை. வீட்டில் கன்னடம் பேசினாலும், தமிழ் பேசினாலும், உருது பேசினாலும் சரி. நம்மை வாழ வைத்த ஊருக்கு நாம் செலுத்தும் கடன் அது.

பணம் மட்டும் போதாது. நம்மில் ரிடையரான ஆசிரியர்கள், என்ஜினீயர்கள், பாங்க் அதிகாரிகள் எத்தனை பேர்! கணக்கும் விஞ்ஞானமும் சொல்லித்தர வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒதுக்க முடியாதா? "இந்த வயசில் எங்கே சார்?" என்பீர்கள். எச்.என். தமது எண்பதுகளிலும் மாணவர்களுக்கு நடுவில்தான் இருந்தார்.

அரசாங்க உத்தியோகத்தில் பல வருஷம் ஃபைல் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கட்டடத்துக்கு சாங்ஷன் வாங்கிவிடலாம். அக்கறைக்கு சாங்ஷன் கொடுக்க எந்த இலாகாவும் இல்லை. அதை அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும். பசவனகுடிக்காரர்கள் கொடுத்தார்கள். அந்தப் பள்ளி நூறு வருஷம் கடந்தும் நிற்கிறது.

இந்த யோசனையை நிர்வாகக் குழு அடுத்த பொதுக்குழுவில் வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். முதல் சந்தாவை இன்றே காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். பரிசு பெறும் குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்.