முடிதிருத்தும் பேதுருவுக்கு ஒரு கடிதம்



"ஐயரே, ஜெபம் பண்ண முட்டி போட்டா ரெண்டு நிமிஷம்கூட மனசு நிக்க மாட்டேங்குது. மாட்டுக்குத் தண்ணி வச்சனா, பையன் பஸ்ஸைப் புடிச்சானா, குழு லோன் கட்ட நாளைக்குக் கடைசி நாளாச்சேன்னு எங்கெங்கயோ சுத்திட்டு வந்து பார்த்தா, வாய் பாட்டுக்கு ஆமென் சொல்லிட்டு இருக்குது."

கச்சிராயபாளையம் பக்கத்துச் சபையில் ஓர் அம்மா என்னிடம் சொன்னது இது. கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் இருக்கிற சின்னச் சின்ன சபைகளில் ஊழியம் செய்கிற லுத்தரன் போதகன் நான். வீடு சந்திக்கப் போகிற இடமெல்லாம் இந்தப் பேச்சு வருகிறது. கரும்பு வெட்டப் போகிறவர் சொல்கிறார், பள்ளிக்கூட ஆசிரியை சொல்கிறார், நர்சிங் படிக்கிற பிள்ளை சொல்கிறது. எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தங்கள் விசுவாசத்தில் ஏதோ குறை இருப்பதுபோலச் சொல்கிறார்கள். உபவாசக் கூட்டத்துக்குப் போனால், முழு இரவு ஜெபத்தில் உட்கார்ந்தால் உள்ளம் உருகுகிறது. அதுவும் நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை விடியற்காலை, கரண்ட் போன வீட்டில், பாத்திரம் கழுவாமல் கிடக்கிறபோது என்ன செய்வது? தினசரி ஜெபம் என்று நான் சொல்வது அந்தச் செவ்வாய்க்கிழமையை.

இந்தக் கேள்விக்கு நான் முதலில் சொல்வது ஒரு முடிதிருத்தும் தொழிலாளியின் கதை. நேயர்களே, இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

ஜெர்மனியில் விட்டன்பர்க் என்கிற ஊரில் மார்ட்டின் லுத்தருக்கு முடிவெட்டி, சவரம் செய்துவந்தவர் பேதுரு பெஸ்கென்டார்ஃப். நெடுநாள் சிநேகிதர். எப்படி ஜெபிப்பது என்று அவர் லுத்தரிடம் கேட்டிருக்கிறார். லுத்தர் அப்போது வேதாகமப் பேராசிரியர், ஐரோப்பா முழுக்கப் பேர்பெற்றவர். அவர் வாய்வார்த்தையில் இரண்டு வரி சொல்லி அனுப்பிவிடவில்லை. உட்கார்ந்து கடிதமாக ஒரு சிறு புத்தகமே எழுதி, 1535-இல் அச்சிட்டுக் கொடுத்தார். கைத்தொழில் செய்கிற ஒருவரின் ஜெபத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்.

அதில் லுத்தர் தொடங்குகிற இடத்தைப் பாருங்கள். வேலை நெருக்கடியாலும் வேறு யோசனைகளாலும் எனக்கே ஜெபத்தில் மனம் குளிர்ந்துபோகிறது என்கிறார். அப்படி ஆகும்போது சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவேன், இல்லையென்றால் கோயிலில் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிடுவேன். பத்துக் கட்டளையையும் விசுவாசப் பிரமாணத்தையும் சில வசனங்களையும் சிறுபிள்ளை ஒப்பிக்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்வேன் என்கிறார். மனம் சூடேறட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. மனப்பாடமான வார்த்தைகளை வாய் சொல்லச் சொல்ல, மனம் பின்னாலேயே வந்து சேர்கிறது. காலையில் முதல் வேலையும் ராத்திரியில் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும். இதோ இந்த ஒரு வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்கிற எண்ணத்தை நம்பாதே என்றும் எழுதுகிறார். அந்த ஒரு வேலைக்குப் பின்னால் இன்னொன்று வரும், அன்றைய ஜெபம் அப்படியே போய்விடும்.

அப்புறம்தான் பேதுருவுக்கு அவர் தொழிலை வைத்தே சொல்கிறார். நல்ல முடிதிருத்துபவன் கண்ணையும் கருத்தையும் கத்தியிலும் முடியிலும் வைத்திருப்பான். பேச்சுக் கொடுத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தால், வந்தவருடைய மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவான். கைவேலைக்கே இவ்வளவு கவனம் வேண்டுமென்றால் ஜெபத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார். கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் இருக்கிற நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பம் உங்கள் ஊர்ப் பட்டறைகளுடையது. சிலையின் கண்ணைத் திறக்கிற நேரத்தில் உளி பிடித்தவர் யாரோடும் பேசமாட்டார், கவனித்திருப்பீர்கள். ஒருமுறை பட்டறையில் வேலைபார்க்கிற ஒரு தம்பியிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி நன்றாக இருந்தது: "எங்களுக்கு மரம் முன்னாடி இருக்குது, கோடு போட்டு வச்சிருக்கோம். ஜெபத்துல எதைப் பார்த்துக்கிட்டுச் செதுக்குறது?"

அந்தக் கோடுதான் கர்த்தருடைய ஜெபம். பரமண்டல ஜெபம் என்று நாம் ஞாயிறுதோறும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறோமே, அதை ஒவ்வொரு விண்ணப்பமாக நிறுத்தி, அந்த இடத்தில் உன் வீட்டையும் ஊரையும் கொண்டுவந்து வை என்கிறார் லுத்தர். நான் எழுதியிருக்கிற வார்த்தைகளை அப்படியே ஒப்பிக்காதே, அது வெறும் சத்தமாகிவிடும். உன் வார்த்தையில் சொல் என்கிறார். நடுவில் ஒரு விண்ணப்பத்தில் உள்ளம் பிடித்துக்கொண்டால் மீதியை விட்டுவிடு, அங்கேயே அமைதியாக இரு, ஆவியானவர் பேசுகிறார், கேள் என்கிறார். இதை நம் சபையார் பலர் செய்வதில்லை. சொல்லி முடிப்பதிலேயே குறியாக இருக்கிறோம்.

லுத்தர் கணக்குப்படி அந்த ஜெபத்தில் ஏழு விண்ணப்பங்கள். வாரத்துக்கு ஏழு நாள். இதை ஒரு முறையாகவே வைத்துக்கொள்ளலாம் என்று நான் யோசிப்பதற்கு முன்பே வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி செய்துவந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஞாயிற்றுக்கிழமை தேவனுடைய நாமத்துக்கு, திங்கட்கிழமை அவருடைய ராஜ்யத்துக்கு என்று வரிசை. எனக்குப் புதன்கிழமை பிடிக்கும், அன்றைக்கு ஆகாரத்துக்கான விண்ணப்பம். மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே அவர்கள் ஜெபித்ததைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். சாமைக்கு மழை வேண்டும் என்றார்கள். கிழங்கு வாங்க வருகிற லாரிக்காரன் விலையைக் குறைக்காமல் இருக்க வேண்டும் என்றார்கள். ரேஷன் கடையில் அரிசி வந்திருக்க வேண்டும், சத்துணவு சமைக்கிற பெண்ணின் கைவலி தீர வேண்டும், பேரனுக்குச் செருப்பு வாங்க வேண்டும். கத்தி கிழங்கின் மேல் போய்க்கொண்டே இருந்தது, குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை.

எனக்கு உடனே லுத்தரின் சிறிய ஞானோபதேசம் நினைவுக்கு வந்தது. 1529-இல் எழுதியது. அனுதின ஆகாரம் என்றால் என்ன என்று அதில் ஒரு கேள்வி உண்டு. பதிலில் சாப்பாடு, துணியோடு செருப்பையும் சேர்க்கிறார். வீடு, வயல், ஆடுமாடு, நல்ல குடும்பம், நல்ல அரசு, நல்ல பருவநிலை, சமாதானம், நம்பகமான அண்டை அயலார் என்று பட்டியல் போகிறது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அந்த ஞானோபதேசத்தைத் தமிழில் தந்தார். 1860-களில் டேனிஷ் மிஷன் தென்னாற்காட்டில் ஊழியம் தொடங்கியது. திருக்கோவிலூர் அதன் முக்கியமான தளங்களில் ஒன்று. அங்கே இன்றும் டேனிஷ் மிஷன் மருத்துவமனை இருக்கிறது. அந்த வழியில் வந்த சபைப் பள்ளிகளில் பிள்ளைகள் இந்தப் பதிலைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பாட்டி எந்தப் பள்ளிக்கும் போனதில்லை. அவர்களுடைய அம்மா ஜெபித்ததைக் கேட்டு வந்த பழக்கமாம். செருப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று நான் சொன்னதும், "இருக்காதா பின்னே, மலையில முள்ளு" என்றார்கள்.

வியாழக்கிழமை மன்னிப்புக்கான நாள். அது கஷ்டமான நாள், நேயர்களே. பக்கத்து நிலத்துக்காரரின் ஆடு சாமைக் கொல்லையில் இறங்கி, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. வியாழக்கிழமை வருகிறதே என்பதற்காகவே புதன் ராத்திரி போய்ப் பேசிவிட்டு வந்ததாகப் பாட்டி சொன்னார்கள். நாள் குறித்த ஜெபத்துக்கு இந்தப் பலம் உண்டு. தோன்றியபோது மட்டும் ஜெபித்தால், நமக்குப் பிடிக்காத விண்ணப்பத்துக்கு முறை வரவே வராது.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒதுக்கியிருக்கிற நிமிடங்கள் ஓடுகின்றன. தானியேல் நாளுக்கு மூன்று வேளை பலகணியைத் திறந்து ஜெபித்தார். திதாகே என்கிற, சபையின் மிகப் பழைய கையேடு கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று தடவை சொல்லச் சொல்கிறது. கத்தோலிக்கச் சகோதரர்கள் கோயில் மணி அடிக்கும்போது மூவேளை செபம் சொல்வதும் அந்தப் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி போன்றதுதான். ஆண்டவரே இருட்டோடு எழுந்து தனித்த இடத்துக்குப் போனார். எந்த நேரம் என்பதைவிட, அது நிலையான நேரம் என்பதுதான் காரியம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஏதாவது ஒன்றோடு ஜெபத்தைச் சேர்த்துவிடுங்கள். காலை அடுப்பு மூட்டுவது, பால் கறப்பது, பஸ்ஸுக்கு நிற்பது, எதுவானாலும் சரி. அலாரம் வைத்து எழுந்து பழகுகிறேன் என்று ஆரம்பிப்பவர்களைவிட, பால் கறக்கிறபோது ஜெபிக்கிறவர்கள்தான் வருஷக்கணக்கில் நிற்கிறார்கள். என் சபைகளில் நான் பார்த்தது அது.

தனியாக ஜெபிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். குடும்ப ஜெபத்துக்கு ஒரு காரியம். மலையிலிருந்து குடகு காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் மாதக்கணக்கில் வேலைக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. அப்படி ஒரு வீட்டில் அப்பாவும் அண்ணனும் குடகில். அம்மாவும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகளும் இங்கே. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு மேலே பாறை ஓரத்தில்தான் சிக்னல் கிடைக்கும். மூன்று பேரும் டார்ச் எடுத்துக்கொண்டு அங்கே போய், போனை ஸ்பீக்கரில் போட்டு, ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம். லைன் அறுந்துவிட்டால்? "எங்க நின்னுச்சோ அங்கயிருந்து அவங்க அங்க சொல்வாங்க, நாங்க இங்க சொல்வோம்" என்று பெரியவள் சொன்னாள். எல்லாருக்கும் தெரிந்த ஜெபமாக இருப்பதால்தான் அது முடிகிறது. சொந்த வார்த்தையில் ஜெபிப்பதுதான் மெய்யான ஜெபம், மனப்பாடம் உதட்டளவு என்று நினைக்கிற இளைஞர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சொந்த வார்த்தை செத்துப்போகிற நாளும் வரும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் என்ன செய்தது என்று இந்த மாவட்டத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு பந்தல். சில பிள்ளைகள் தாய் தகப்பன் இரண்டு பேரையும் பறிகொடுத்தார்கள். அந்த நாட்களில் துக்க வீடுகளில் போய் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். என்ன சொல்லி ஜெபிப்பது? எந்த ஆறுதல் வாக்கியமும் அங்கே நாக்கில் நிற்காது. புலம்பலுக்கென்றே உள்ள சங்கீதங்கள் இருக்கின்றன, ஏன் ஆண்டவரே என்று கேட்கிறவை. அவற்றை மெதுவாக வாசித்தோம். பிறகு கர்த்தருடைய ஜெபம். தீமையிலிருந்து காக்கச் சொல்லும் கடைசி விண்ணப்பத்தில், அதுவரை வாய் திறக்காத ஒரு பெரியவரின் குரல் சேர்ந்தது. தினமும் சொல்லிப் பழகிய வார்த்தை அன்றைக்கு அவருக்குக் கைகொடுத்தது. அந்த ஒரு நாளுக்காகவாவது மற்ற நாட்களில் சொல்லிப் பழக வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

பேதுருவின் கதையில் ஒரு பகுதியை இதுவரை சொல்லவில்லை. அந்தக் கடிதம் வந்த அதே 1535-ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தின நாள், குடிபோதையில் பேதுரு தன் மருமகனையே கத்தியால் குத்திவிட்டார். மருமகன் இறந்துபோனார். ஜெபத்தைப் பற்றி இவ்வளவு அருமையான கடிதம் யாருக்காக எழுதப்பட்டதோ, அவருக்கே இந்த வீழ்ச்சி. மரண தண்டனை கிடைத்திருக்க வேண்டியது. லுத்தரும் மற்ற நண்பர்களும் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். அதனால் தண்டனை குறைந்து, ஊரைவிட்டு அனுப்பப்பட்டார், சொத்தெல்லாம் போனது. சிலர் என்னிடம், இதை ஏன் ஐயரே சொல்கிறீர்கள், கடிதத்தின் பெருமை குறையாதா என்று கேட்பார்கள். குடியால் குடும்பங்கள் சிதைந்த மாவட்டத்தில் நின்று பேசுகிறேன். சோதனைக்குள் போகாதபடி காக்கச் சொல்லும் விண்ணப்பத்தை நம் வெள்ளிக்கிழமைகளில் ஏன் விடக் கூடாது என்பதற்கு இதைவிட நெருக்கமான சாட்சி எனக்குத் தெரியவில்லை. விழுந்தவனை லுத்தர் கைவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நிலையத்தார் நேரம் காட்டுகிறார்கள். ஜெபக்குறிப்பு நோட்டைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை பற்றியும் பேச நினைத்திருந்தேன், இன்னொரு நாள் பார்ப்போம். இன்றைக்கு உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று ராத்திரி படுக்கப் போகும் முன்பு ஏழு விண்ணப்பங்களில் ஒன்றை மட்டும் எடுங்கள். அதில் உங்கள் வீட்டார் பேரைச் சொல்லுங்கள், பேசாமல் இருக்கிற பக்கத்து வீட்டார் பேரைச் சொல்லுங்கள், தூரதேசத்தில் வேலை செய்கிற பிள்ளையின் பேரைச் சொல்லுங்கள். கருணாபுரத்தில் தாய் தகப்பன் இல்லாமல் இந்த வருஷமும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையும் அதையே செய்வீர்கள் என்று நம்புகிறேன்.