நடக்க ஒரு பாதை வேண்டும்
(முத்துக் கடற்கரை ஊராட்சிகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தூத்துக்குடிக் கரையில் நின்று தேகப் பயிற்சியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். கல்லின்மீது கால் வைத்து, மூச்சை அடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் இறங்கிச் சிப்பி எடுத்தவர்களின் கரை இது. தூரத்தே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து தோணிகளில் வந்த மூட்டைகளை முதுகிலே சுமந்தவர்களும் இவ்வூராரே.

ஆனால் முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. 1974-இல் இது பெருந்துறைமுகமாயிற்று. சுமையைப் பாரந்தூக்கிகள் ஏற்றுக்கொண்டன. வள்ளத்தில் பாய்க்குப் பதில் இயந்திரமும், வயலில் ஏருக்குப் பதில் டிராக்டரும் வந்தன. இவற்றை நான் குறை கூறவில்லை. முதுகு ஒடிந்த அக்காலம் திரும்ப வேண்டுமென்று எவர் விரும்புவார்? எனினும் உழைப்புக் குறைந்த அளவுக்கு நாம் உண்ணும் சோறு குறையவில்லை.

இதன் விளைவு யாது? 1953-ஆம் ஆண்டில் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. டிராக்டர் இருக்கையில் அமர்ந்திருக்கும் நமக்கும் இது பொருந்தும். போதிய உடலியக்கமின்றி வாழும் வயது வந்தோர் இந்தியாவில் ஏறத்தாழப் பாதிப் பேர் என 2024-இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் தெரிவித்தது. ஆடவரைவிடப் பெண்களிடம் இக்குறை அதிகம்.

உப்பளத்தில் வெயிலில் உப்பு வாரும் சகோதரிக்கு நான் நடை கற்பிக்க வரவில்லை. அவருக்கு வேண்டியது நிழலும் குடிநீரும் ஓய்வும். என் வேண்டுகோள் கடைத் திண்ணையிலும் மோட்டார் சைக்கிளிலும் பொழுதைக் கழிக்கும் நம்மவருக்கே.

எனக்குத் தெரிந்த ஒருவர், முன்னாள் மீனவர், பின்பு மளிகைக் கடை வைத்தவர். ஐம்பது வயதில் ஒரு பக்கம் கை சற்றே மரத்துப்போய் மீண்டது. மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார், அவர் நடக்கவில்லை. காரணம் சோம்பல் அன்று. காரியமின்றித் தெருவில் நடந்தால், "எங்கே போகிறீர் அண்ணாச்சி?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். பதில் சொல்ல வெட்கம். கடைசியில் வெறும் பை ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு, சாமான் வாங்கப் போகிறவர்போல நடந்தார்! பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் உடன் வரத் தொடங்கிய பிறகே பை வீட்டில் தங்கிற்று.

ஆகையால் உபதேசத்தைவிடத் துணை பயன் தரும். ஊராட்சி அங்கத்தினர் இருவர் நாள்தோறும் விடியற்காலையில் நடந்தால், நடப்பது ஊரில் வெட்கப்படத்தக்க செயலாக இராது. தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். வாரத்துக்கு 150 நிமிடம் விரைவாக நடக்கும் நிலையைச் சில மாதங்களில் எட்டலாம். நெஞ்சுவலி உள்ளவர் முதலில் மருத்துவரைக் காண வேண்டும். நீரிழிவு உள்ளவர் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. காலில் முள் குத்தினாலும் சிலருக்குத் தெரியாது.

2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. நடையை அவ்வாறு கொண்டுவந்து கொடுக்க இயலாது. 2023 நவம்பரில் தொடங்கிய "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை வகுத்தது. அது நகரத்தாருக்கு எளிது. நம் கிராமத்தார் அதில் நடக்கப் பேருந்து ஏறவா முடியும்? நமக்குக் குளத்துக் கரை இருக்கிறது. சீமைக் கருவேலத்தை வெட்டி, கரையைச் சமன் செய்தால் அதுவே பாதை.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விளக்குக் கம்பங்களை எங்கே நடுவது என்பதை மட்டும் பெண்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இருட்டில் எந்த இடத்தில் அச்சம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.